பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சிரிப்பு

எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் கரண்டு வேலை பார்த்தவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவரில்லை; டயகமப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பழுதாகிப்போன ரேடியோக்களின் உள்சாமான்களை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடைத்து, டார்ச் பேட்டரி போட்டு, வெளியே நான்கைந்து செப்புக் கம்பிகளை நீட்டிவிட்டிருந்தார். ஈர விரலால் கம்பியைத் தொட்டால் அது பாடும். பாடும் என்றா சொன்னேன்? விக்கும், தும்மும், வாத்துக் குஞ்சு மாதிரி கத்தும், திடீரென்று யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல உருண்டு உருண்டு சிரிக்கும். ரோலர் மெஷின் கடகடவென்று ஓடும் தாளத்துக்கு அதை ஆடவிடுவார். ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்றார்கள் ஸ்டோரில் பாதிப் பேர்.

நான் அதைக் கேட்டது என் மகள் செத்துச் சில மாதம் கழித்து. எழுபதுகளின் பஞ்ச காலம். கைக்குழந்தையை, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். வயிற்றோட்டம் கண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. புதைக்கும்போதும் வரவில்லை. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள்; நான் மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

"அழுதுரு புள்ள. உள்ளுக்கே வச்சிருந்தா நெஞ்சு அடைச்சிரும்" என்று சொல்லிச் சொல்லி அவர்களும் ஓய்ந்துபோனார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று என் புருஷன் பயந்தார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் தேத்தண்ணி நேரத்தில் அந்த டின் விக்கியது. நான் சிரித்துவிட்டேன். அண்ணன் இன்னொரு தடவை விக்கவைத்தார். அதிலிருந்து அந்தச் சத்தத்தின் மேல் எனக்குப் பித்து. காதல் என்றே சொல்லலாம், வெட்கமில்லை. ஆளின் மேல் இல்லை, அந்த விளையாட்டின் மேல். அதைக் கேட்கும் கொஞ்ச நேரம்தான் எனக்கு மூச்சு சரியாக வந்தது.

லயத்துக்கு இது போதாதா?

"பெத்த புள்ளைக்கு அழாதவ, கரண்டுக்காரன் டப்பாவுக்குப் பல்லக் காட்டுறா" என்று பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என் காதுபடவே பேசினார்கள். என் புருஷன் மட்டும், "சிரிச்சா ரெண்டு வாய் சோறாவது திங்கிறா. விடுங்க" என்றார். நல்ல மனுஷன். ஆனாலும் அவர் முகம் கொஞ்சம் கறுத்துத்தான் போனது.

பிறகு அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. தோட்டத்து ஆட்களில் யார் இந்தியா போவது, யார் இங்கேயே இருப்பது என்று இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் பேசி முடித்திருந்த காலம் அது; எங்களை யாரும் கேட்கவில்லை. வழியனுப்ப எல்லோரும் நானுஓயா ஸ்டேஷனுக்குப் போனோம். போகிறவர்கள் திரும்பி வரப்போவதில்லை என்பதால், செத்த வீட்டில் போலவே, ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறை சொல்லி ஒப்பாரி வைப்பது வழக்கம். அந்தக் கோச்சிக்கே அழுகைக் கோச்சி என்றுதான் பேர். பிளாட்பாரம் முழுக்க அண்ணே, மாமா, சின்னம்மா என்று கதறல். நான் மட்டும் சும்மா நின்றேன்.

அண்ணன் டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கண் சிவந்திருந்தது.

"எல்லாரும் அழுறாங்க. நீங்களாச்சும் சிரிங்க தங்கச்சி" என்று சொல்லி விரலை நனைத்துக் கம்பியைத் தொட்டார்.

அது விக்கியது. உருண்டு உருண்டு சிரித்தது. நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது ஒப்பாரி. மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தேன். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கட்டியவன் பக்கத்தில் நிற்க, அடுத்தவனுக்காக இப்படி ஒருத்தி அழுதால் பார்க்கமாட்டார்களா? என் புருஷன் ஓடிவந்து என் வாயைப் பொத்தினார்.

"ஊரே பாக்குது. எந்திரி."

அவர் விரல்களை மீறி வந்த சொல் அப்போதுதான் அவருக்குக் கேட்டது. நான் அண்ணனைக் கூப்பிடவில்லை. எங்கள் மகளின் பெயரைச் சொல்லி, பால் குடிக்க வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையை எடுத்தார். என் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அவரும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார். கோச்சி எப்போது புறப்பட்டுப் போனது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.