மாம்பழமும் கருவாடும்

இன்று அலுவலக பஸ்ஸில் யாருடைய பையிலிருந்தோ மாம்பழ வாசனையும் கருவாட்டு வாசனையும் கலந்து வந்தன. அந்தக் கலவை எனக்கு ஒரே ஓர் இடம்தான்: கள்ளக்குறிச்சியில், சேலம் சாலையோரம் இருந்த எங்கள் வீட்டு முன்னறை. சேலத்து மாமா மாம்பழத்தையும், கடலூர்ப் பெரியம்மா கருவாட்டையும், கல்வராயன் மலையிலிருந்து வருபவர்கள் பலாப்பழத்தையும் அங்கே இறக்கி வைத்து, மற்றவர்கள் விட்டுப்போனதில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்கள்.

“நம்ம வூடு நட்டநடு சென்டரு. கடலுக்கு மூணு மணி நேரம், மலைக்கு ஒரு மணி நேரம். இன்னா கொறச்சல்?” என்பார் அப்பா.

“வர்றவங்களுக்குத்தான் சென்டரு. நான் அடுப்பாண்டயே கெடக்கறேன்,” என்பாள் அம்மா. அவள் கடலைப் பார்த்ததேயில்லை. கருவாடாகத்தான் அது அவளிடம் வந்தது.

சாலையை அகலப்படுத்தியபோது அந்த வீடு போயிற்று. ஊருக்குள்ளே குடிபோனோம்; உறவினர்கள் வழியில் இறங்குவதை விட்டுவிட்டார்கள். அப்பா மட்டும் பஸ் வரும் நேரங்களில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒரு காலையில் தனியாகக் கடலூர் பஸ் ஏறினாள். கல்லூரி விடுதியில் இருந்த என்னை அலைச் சத்தத்துக்கு நடுவிலிருந்து போனில் அழைத்தாள்.

“உங்கப்பா சொன்னது சரிதான்டி. மூணே மணி நேரம்.”