வலிக்காத கால்

எங்கள் அக்காவுக்குக் காலில் வலி தெரியவில்லை என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். டாக்டருக்கு முன்னால், அம்மாவுக்கு முன்னால், சொல்லப்போனால் அக்காவுக்கே முன்னால். அப்போது எனக்குப் பத்து வயது. கண்டுபிடித்ததோடு நின்றேனா? அதை வைத்துக்கொண்டு நான் பண்ணிய கூத்தையெல்லாம் இப்போது நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பா வெலிங்டனில் கிளார்க். அம்மாவுக்குக் குன்னூரில் ஒரு ஸ்வெட்டர் கடையில் வேலை. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் நாங்கள். மலையேறி வந்து இருபது வருஷமாகியும் அம்மா குளிரைத் திட்டுவதை மட்டும் விடவில்லை. குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. எனக்கும் அக்காவுக்கும் ஒரே கட்டில், ஒரே ரஜாய்ப் போர்வை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு ஒரு வேலை உண்டு. வெறுங்காலோடு சிமெண்டுத் தரையில் கொஞ்ச நேரம் நின்று, பாதம் நன்றாகச் சில்லிட்டதும் ரஜாய்க்குள் புகுந்து அக்காவின் பாதத்தில் வைத்து அழுத்துவேன். "சனியனே!" என்று அவள் துள்ளி விழுவதைப் பார்ப்பதில் எனக்கு அப்படியொரு ஆனந்தம். அந்த டிசம்பரில் ஒருநாள் அப்படி வைத்தேன். அவள் பாட்டுக்கு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் அழுத்தினேன். ம்ஹும். என் தலையிலிருந்த கிளிப்பைக் கழற்றி அவள் கால் விரலில் மாட்டினேன். அதற்கும் பேச்சில்லை. நான் குலுங்கிச் சிரித்த பிறகுதான் எட்டிப் பார்த்தாள்.

ஒரு நொடி அவள் முகம் என்னவோ போலானது. பிறகு அவளும் சிரித்துவிட்டு, "எனக்குப் பவர் வந்துருச்சுடி. அம்மாகிட்டச் சொல்லிராத" என்றாள். எனக்கு ஒரே பெருமை. யார் வீட்டில் இருக்கிறாள் இப்படி ஒரு அக்கா?

அக்காவுக்கு எட்டு வயதிலிருந்தே சுகர். பெரியவர்களுக்கு வருகிற மாதிரி அல்ல. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிற ரகம். தினம் நாலு ஊசி, தானே போட்டுக்கொள்வாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோயம்புத்தூரில் குழந்தைகள் டாக்டரைப் பார்க்கக் குடும்பத்தோடு இறங்குவோம். அந்த டாக்டரம்மா அக்காவைச் சாக்ஸைக் கழற்றச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலான் நூலால் விரல் விரலாகத் தொட்டு, "இப்ப எங்க தொட்டேன், சொல்லு?" என்று கேட்பார். அக்கா சரியாகச் சொன்னால் ஒரு ஸ்டிக்கர். பஸ் ஏறுவதற்குள் அதை நான் பிடுங்கிக்கொள்வேன்.

பதினெட்டு வயது முடிந்ததும் டாக்டரம்மா ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, "இனிமே நீ பெரியவங்க டாக்டர்கிட்டத்தான் போகணும் கண்ணு" என்றார். மலை ஏறுகிற வரைக்கும் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கு அது புரியவில்லை. "பெரிய மனுஷி ஆயிட்ட சாமி, இனி உன்ற உடம்ப நீதான் பாத்துக்கோணும்" என்று ஏதோ பட்டம் வாங்கிய பிள்ளையிடம் சொல்வது போலச் சொன்னார்.

பெரியவர்கள் டாக்டர் ஊட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை பார்ப்பார். முதல் தடவை அப்பா கூட்டிக்கொண்டு போனார், நானும் போனேன். பெஞ்சு முழுக்க மப்ளரும் குல்லாவுமாகத் தாத்தாக்கள், பாட்டிகள். நடுவில் எங்கள் அக்கா, ரெட்டைச் சடையோடு. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்து, "ஏங்கண்ணு, இந்த வயசுலயே சக்கரையா? முட்டாயாத் தின்னுபோட்டயா?" என்று கேட்டாள். அதோடு விட்டாளா? அப்பா பக்கம் சாய்ந்து, "ஏனுங்க, கலியாணம் ஆகவேண்டிய புள்ள, வெளிய சொல்லிப்போடாதீங்க" என்று புத்திமதி வேறு. அக்கா ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே டாக்டர் கடிதத்தைப் படித்தார், ஊசி அளவைக் கேட்டார், "கால்ல ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்றார். அக்கா "இல்லீங்க" என்றாள். வெளியே இன்னும் ஐம்பது பேர் காத்திருந்தார்கள். ஷூவை யாரும் கழற்றச் சொல்லவில்லை.

அடுத்த தடவையிலிருந்து அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள்தான் பெரிய மனுஷியாயிற்றே, துணைக்குச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று முடிவாயிற்று. செப்டம்பரில் நாங்கள் இரண்டு பேரும் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அக்கா ஆஸ்பத்திரிப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். "கார்டனுக்குப் போலாமாடி?" என்றாள். எனக்குக் கசக்குமா? புல்வெளியில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் வர்க்கியை நான் ஒருத்தியே காலி பண்ணினேன். அக்கா ஸ்வெட்டரில் விழுந்த துகளைக்கூடத் தட்டிவிட்டு, "அப்பாடா, இங்க யாரும் என்ன வயசுன்னு கேக்க மாட்டாங்க" என்று மல்லாந்து படுத்துக்கொண்டாள். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் இன்சுலினை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். யாரும் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை.

டிசம்பரில் அப்படிக் கேள்வி இல்லாமல் தப்பிக்க முடியவில்லை. அதற்குள் அக்கா ஒன்றிரண்டு தடவை அம்மாவிடம், காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, சில நேரம் எரிகிறது என்று சொல்லியிருந்தாள். எங்கள் மலையில் இதைச் சொன்னால் யாராவது பயப்படுவார்களா? குளிர்காலம் வந்தால் எல்லார் காலும் மரக்கும், விரல் சிவந்து அரிக்கும். நாள் முழுக்கக் கடையில் நிற்கிற அம்மாவுக்கே அப்படித்தான். "இந்தக் குளிருக்கு யாருக்குத்தான் மரத்துப் போகல?" என்று தேங்காய் எண்ணெயைச் சுட வைத்துத் தடவி, சாக்ஸின் மேல் இன்னொரு சாக்ஸ் மாட்டிவிட்டாள். இருந்தாலும் அவள் மனசில் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை எங்களை அனுப்பும்போது வாசல்வரை வந்து, "மறக்காமக் காலக் காட்டிட்டு வா கண்ணு" என்றாள்.

நாங்கள் நேராகக் கார்டனுக்குத்தான் போனோம்.

திரும்பி வந்ததும் வராததுமாக அம்மா கேட்டாள், "டாக்டர் காலப் பாத்தாரா?" அக்கா குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். அது அவிழவே மாட்டேன் என்றது. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "பாத்தாருங்கம்மா! நூல் வெச்சு ஒவ்வொரு வெரலாத் தொட்டுத் தொட்டுப் பாத்தாரு. எல்லாம் நல்லா இருக்குதாம். குளிருக்குத்தான் அப்பிடி இருக்குதாம்" என்றேன். அக்கா என்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லவே இல்லை. பொய்யென்றால் கொஞ்சம் மசாலா சேர்த்தால்தான் எடுபடும் என்பது என் சொந்தச் சரக்கு.

"முருகா" என்று அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். எனக்கு முட்டை தோசை ஊற்றிக் கொடுத்தாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சபாஷ் என்கிறாள் என்று நினைத்தேன்.

ஜனவரியில் உறைபனி விழுந்தது. குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்துப் புல் காலையில் உப்பைக் கொட்டியது போல் வெளுத்துக் கிடக்கும். வெறுங்காலோடு அதன் மேல் யார் அதிக நேரம் நிற்பது என்று லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குள் போட்டி. முப்பது எண்ணுவதற்குள் நான் அலறிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்கக்கா நிப்பா, பாக்கறீங்களா?" என்று உள்ளே போய் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் முதலில் மாட்டேன் என்றாள். நான் கெஞ்சினேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு புல்லில் ஏறி நின்றாள். நாங்கள் இருநூறு வரை எண்ணினோம். அவள் கையைக் கட்டிக்கொண்டு, காலேஜில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்லிச் சிரித்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ராணியைக் கூட்டிப்போகிற மாதிரி நான் அவளை உள்ளே கூட்டிப்போனேன்.

அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அம்மா கடையில். குளிர் நாளில் அம்மா ஒரு பழைய இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டி வைத்துவிட்டுப் போவாள். அக்கா சாக்ஸை மாட்டிக்கொண்டு சட்டி விளிம்பில் இரண்டு காலையும் வைத்தபடி உட்கார்ந்தாள். நான் என் வெற்றியைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். என்னவோ கருகுகிற வாடை அடித்தது. "அக்கா, சாக்ஸு!" என்று நான் கத்திய பிறகுதான் அவள் காலை எடுத்தாள். நைலான் உருகி இடது காலின் இரண்டு விரலில் ஒட்டியிருந்தது. உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ வேறு யார் காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

பற்பசையைத் தடவினோம். "வலிக்குதாக்கா?" என்றேன். "இல்லடி" என்றாள். அவ்வளவுதான், எனக்கு நிம்மதி ஆகிவிட்டது. வலிக்காத புண் ஒரு புண்ணா? அம்மாவிடம் சொன்னால் பனியில் நிற்க வைத்த கதையும் வெளியே வரும் என்பதால் சொல்லவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் ஷூ மாட்டிக்கொண்டு காலேஜுக்குப் போய் வந்தாள். நொண்டக்கூட இல்லை.

பத்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் தூக்கிப் போட்டது. பாதத்தில் தைலம் தேய்க்கலாம் என்று அம்மா சாக்ஸை உருவினாள். அன்றைக்கு அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா டாக்ஸி பிடித்தார். கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் அக்காவின் பாதத்தில் ஊசி முனையால் குத்திக்கொண்டே மேலே போனார். "இங்க வலிக்குதா?" "இல்லீங்க." "இங்க?" "இல்லீங்க." ஒவ்வொரு "இல்லீங்க"வுக்கும் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். நான் மட்டும் ஒவ்வொன்றுக்கும் சந்தோஷப்பட்டேன். நல்லவேளை, அக்காவுக்கு வலிக்கவில்லையே என்று.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நரம்பு செத்துப்போய் ரொம்ப நாளாகியிருக்கும், முன்னாலேயே காலைப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வார்டில் அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏம் புள்ள, நூல் வெச்சுப் பாத்தாருன்னு சொன்னயே?"

கட்டிலில் படுத்திருந்த அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள், "அவளக் கேக்காதம்மா. நாந்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன். நாங்க ஆஸ்பத்திரிக்கே போகல."

அம்மா அவளைத் திட்டவில்லை. "உன்னப் பெரிய மனுஷின்னு நம்புனனே" என்றாள். அவ்வளவுதான். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அக்காவுக்கு இப்போது முப்பது வயதாகிறது. வேலைக்குப் போகிறாள், தன் சம்பளத்தில் நிற்கிறாள், சுகரைக் கட்டுக்குள் வைத்திருக்கிறாள். இன்றைக்கும் டாக்டரிடம் போகும் ஒவ்வொரு தடவையும் அம்மா கூடவே உள்ளே போய், அவளுக்கு முந்தி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "இவ சொல்றத நம்பாதீங்க டாக்டர், பொய் சொல்லுவா. கால நீங்களே பாத்துருங்க" என்கிறாள். அக்கா குனிந்து ஷூவைக் கழற்றுகிறாள். நான் இரண்டு தடவை கூடப் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றபோது, "விடுடி, அது ஆச்சு எத்தனையோ வருஷம்" என்றாள் அக்கா. அவள் விடச் சொன்னாள், நானும் விட்டுவிட்டேன். எனக்கு அதுதானே வசதி.

அன்றைக்கு ஜன்னலோரம் நின்ற அம்மாவைப் பார்த்து எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு அடி விழாது. தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று அக்காவுக்குக் கிடைத்த உரிமையை, இந்தப் பிள்ளை சொன்னால் நம்பலாம் என்ற பேரை, அவள் என் முதுகைக் காப்பாற்றுவதற்காக அந்தக் கட்டிலில் படுத்தபடியே விட்டுக்கொடுத்துவிட்டாள் என்பதும், அது அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே போவதில்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. அப்பா என் கையைப் பிடித்துக் கான்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு நல்ல பசி. நாலு இட்லி தின்றேன். அப்பா தொடாமலே வைத்திருந்த இரண்டையும், அவர் தட்டை என் பக்கம் இழுத்துத் தின்று முடித்தேன்.