ஏரிக்கரையில் நான் பிடித்து வைத்த ஐந்து குடில்கள்

போன வருடம் பள்ளி விடுமுறையில், ஒரு சனிக்கிழமை. கோலசிலாங்கூர் பக்கம் பழைய எஸ்டேட் நிலத்தில் ஏரியைச் சுற்றி ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. மெதுவாக நடந்தாலும் அரை மணியில் ஒரு சுற்று முடிந்துவிடும். கூடாரம் அடிக்கப் புல்வெளி, கோழி சுட அடுப்பு, தண்ணீரைப் பார்த்தபடி கூரை போட்ட ஐந்து குடில்கள். குடிலுக்குக் கட்டணமும் இல்லை, பதிவும் இல்லை. முதலில் வருகிறவர்கள் உட்காரலாம், அவ்வளவுதான்.

இந்த 'முதலில்' விஷயத்தில் எங்கள் குடும்பத்தை யாரும் அசைக்க முடியாது. கல்யாணமோ கோயில் திருவிழாவோ, ஒருத்தரை முன்னால் அனுப்பி இடம் பிடித்துவிடுவோம். இந்த முறை அந்த ஒருத்தன் நான். ரவாங்கில் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன், விடியுமுன் எழுவது பழக்கம். சுங்கை சோ வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்கா ஒரு பெரிய பையைக் கையில் கொடுத்தார். திறந்து பார்த்தால், வீட்டில் கிடந்த பழைய செருப்பெல்லாம் அதில்!

"வெறும் பாய் விரிச்சா எவனாவது சுருட்டி வெச்சிட்டு உக்காந்துருவான்டா. வாசல்ல செருப்பைப் போட்டு வை. ஆள் இருக்குன்னு நினைச்சுக்குவாங்க."

அக்காவின் மூளையை மெச்சிக்கொண்டே வேன் ஓட்டினேன். ஏழரை மணிக்கெல்லாம் ஐந்து குடிலிலும் பாய், ஒவ்வொரு வாசலிலும் மூன்று ஜோடிச் செருப்பு. படம் எடுத்து அனுப்பினேன். "மச்சான், நீ மந்திரியா இருக்க வேண்டியவன்லா" என்று அக்கா வீட்டுக்காரர் பதில் போட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

ஒன்பதுக்கு வருகிறோம் என்றவர்கள் பதினொன்றுக்கும் வரவில்லை. கேட்டால், புஞ்சாக் ஆலாம் சொந்தக்காரர்கள் இன்னும் கோழிக்கு மசாலா தடவுகிறார்களாம்.

அந்த நேரத்தில்தான் வாடகைக் காரில் ஒரு தம்பதி வந்து இறங்கினார்கள். கணவருக்கு ஐம்பது வயது இருக்கும், சக்கர நாற்காலியில் இருந்தார். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. புதிதாகச் சுற்றிய வெள்ளைக் கட்டு. மனைவி நேராகக் கடைசிக் குடிலுக்கு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது: நான்கு குடிலுக்குப் படிகள், அந்த ஒன்றுக்கு மட்டும்தான் நாற்காலி ஏறச் சிமெண்டுச் சரிவு. காலையில் அதன் மேல்தான் செருப்புகளை வரிசையாக வைத்திருந்தேன்.

"அண்ணே, இதுல ஆள் இருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் சொன்னது, "இருக்காங்க-லா. குளிக்கப் போயிருக்காங்க."

அந்த அம்மா ஏரியைப் பார்த்தார். தண்ணீரில் ஒரு தலைகூட இல்லை. கரையில் 'நீந்தத் தடை' என்று ஆள் உயரத்துக்குப் பலகை நின்றது. அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நாற்காலியைத் திருப்பி, மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "தாமதமா வர்றவங்களுக்கெல்லாம் நாம எழுந்து குடுக்கணுமா?" என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வேனில் எத்தனையோ பேர் பேச்சைக் கேட்டிருக்கிறேன். மனிதன் தனக்குத்தானே சொல்கிற நியாயத்தைப் போல அழுகல் பேச்சு வேறு கேட்டதில்லை.

எங்கள் ஆட்கள் வந்து சேர ஒன்றரை ஆனது. மொத்தம் பதினாறு பேர். இரண்டு குடிலே தாராளம். கடைசிக் குடிலில் போய் உட்கார்ந்தது யார் தெரியுமா? மூன்று ஐஸ் பெட்டி, கேஸ் அடுப்பு, நீந்தக்கூடாத ஏரிக்குக் கொண்டுவந்த காற்றடித்த மஞ்சள் வாத்து ஒன்று!

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. அந்த அம்மா மறுபடி வந்தார், இந்த முறை கொஞ்சம் ஓட்டமாக.

"மழை வருது. இவருக்குக் கட்டு நனையக்கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்காரு. ஒரு ஓரமா இருந்துக்கிறோம்."

அக்கா வீட்டுக்காரர் கோழியைத் திருப்பிக்கொண்டே சொன்னார், "நாங்க விடியக்காலையிலேயே வந்து பிடிச்ச இடம்மா. நீங்களும் வெள்ளன வந்திருக்கணும்லா."

விடியக்காலையில் வந்தவன் நான். அவர் வந்தது ஒன்றரைக்கு!

அந்த அம்மா சரிவைப் பார்த்தார். "செருப்புக்கு இடம் இருக்கு, வாத்துக்கு இடம் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லையா அண்ணே?"

கேட்டது அவரை அல்ல, என்னை. பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். எங்கள் ஆட்களில் யாரோ "வாயைப் பாரு" என்று சிரித்தார்கள். அப்போது வந்தது எனக்கு ஆத்திரம். செருப்புகளை வாரிப் புல்லில் வீசினேன். ஐஸ் பெட்டியைத் தூக்கினால் அக்கா வீட்டுக்காரர் கையைப் பிடிக்கிறார். "ஊரான் பொண்டாட்டிக்காக வீட்டு மனுசன்கிட்ட மல்லுக்கு நிக்கிறியா?"

"மாமா, விடுங்க. வாத்து நனைஞ்சா செத்தா போயிரும்?"

அக்கா என்னைத்தான் திட்டினார். இந்தச் சண்டையிலேயே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வட்டாரத்து மழை தெரியுமே, வாளியைக் கவிழ்த்தது போல. குடையோடு நான் ஓடிப் பார்த்தபோது, இருவரும் கழிவறைக் கட்டடத்தின் கூரை விளிம்பில் நின்றார்கள். கூரை ஒரு முழம்தான். நாற்காலியின் முன்பாதி மழையில். அந்த அம்மா ரொட்டிப் பையைக் கால்கட்டின் மேல் போட்டுத் தன் தலைமுடி ரப்பரால் இறுக்கிக்கொண்டிருந்தார். கட்டு ஏற்கெனவே ஊறி, இளஞ்சிவப்பாகியிருந்தது.

"குடில் காலி பண்ணியாச்சு, வாங்க" என்றேன்.

"வேணாம் தம்பி, நனைஞ்சாச்சு" என்றார் நாற்காலியில் இருந்தவர். கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வாடகைக் காரும் மழையில் கிடைக்கவில்லை. வேனில் ஏற்றிக்கொண்டேன். கிளினிக்கில் கட்டு மாற்றி, அசாம் ஜாவாவில் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வழியில்தான் அந்த அம்மா சொன்னார். கால் எடுத்து நான்கு மாதம், புண் இன்னும் ஆறவில்லை, ஆஸ்பத்திரிக்குத் தவிர கணவர் வாசலைத் தாண்டியது இன்றைக்குத்தான். எண்ணெய்ப்பனை லோரி ஓட்டியவர், இப்படி உட்கார்ந்து போனால் ஊர் பார்க்கும் என்று வர மறுத்தாராம். அந்த அம்மா முந்தின நாளே தனியாக வந்து, எந்தக் குடிலில் நாற்காலி ஏறும் என்று பார்த்துவிட்டுப் போய், அதைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்திருக்கிறார்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "இனிமே என்னை வெளிய கூப்பிடாதே" என்றார். நான் வண்டியை ஓட்டினேன், வேறென்ன செய்ய?

இரண்டு வாரம் கழித்துப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். வாசலிலேயே நிறுத்தி, "தூங்குறாரு அண்ணே" என்றார் அந்த அம்மா. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் கேட்டது. அந்தப் பொய் எனக்கு வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் இன்றும் இது ஒரு வேடிக்கைக் கதை. நான் வாத்தோடு சண்டை போட்டேனாம். இந்த வருடமும் இடம் பிடிக்கக் கூப்பிட்டார்கள், போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "கோபத்தை விடுடா, ஒரு வருசம் ஆச்சு" என்கிறார் அக்கா. நான்கு மாதத்துக்குப் பிறகு வெளியே வந்த மனிதரை, யாருமே உட்காராத ஓர் இடத்துக்காகத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டோம். அவர் மறுபடி வாசலைத் தாண்டினார் என்று என் காதில் விழும் வரைக்கும், அக்கா மேலும் மாமா மேலும் எல்லாரையும்விட என் மேலும் இருக்கிற இந்தக் கோபம் ஆறாமலே இருக்கட்டும்.