பக்கத்து நாற்காலி

நேற்று துபாய் தேரா கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் கணவாய் மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும், என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துபோய் நின்றுவிட்டேன். வயதும் ஒரு காரணம்தான், அதை விடுங்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு டயர் கடையில் நானும் அறந்தாங்கி செல்வராஜும் வேலை பார்த்தோம். நிறைய விற்றதற்காக எங்கள் இருவருக்கும் தாய்லாந்து போய்வர டிக்கெட் கொடுத்தார்கள். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பே எங்களைப் பார்த்துக் கண்ணடித்தது. செல்வராஜுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். ஊரிலிருந்த மனைவி மல்லிகா, தாய்லாந்து என்று கேட்டதும் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்ததோ ஹுவா ஹின். அந்நாட்டுக் குடும்பங்கள் காலங்காலமாகப் போகிற பழைய கடற்கரை ஊர். குடைகளுக்குக் கீழே வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். மாமியார், மருமகள், பிள்ளைகள் என்று உட்கார்ந்து, காலையிலிருந்து சுட்ட கணவாயாகத் தின்றார்கள். கடலில் இறங்கியவர்களும் சட்டை, பேன்ட்டோடுதான் இறங்கினார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். செல்வராஜுக்குப் போன உயிர் திரும்பியது.

"அண்ணே, அந்தக் குடும்பமும் போட்டாவுல விழுற மாதிரி எடுங்கண்ணே. முக்கியமா அந்த மாமியாரு."

ஒரு ஃபிலிம் ரோல் முழுக்கச் சாட்சிக்கே செலவானது. கடைசிப் படத்தில் அவன் நாற்காலியில் சாய்ந்திருக்கிறான், பக்கத்து நாற்காலி காலி. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? எல்லாவற்றையும் தபாலில் அனுப்பிவைத்தான்.

மூன்றாவது வாரம் மல்லிகா போனை எடுத்தாள். பயத்தில் அவன் ரிசீவரை என் காதுக்கும் சேர்த்தே பிடித்திருந்தான்.

"பக்கத்துல நாற்காலி காலியாத்தான கெடந்துச்சு? இம்புட்டு நல்ல ஊருக்கு என்னைய ஏன் கூட்டிட்டுப் போவல?"

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. அழுதுகொண்டே கேட்டாள்.

அடுத்த லீவில் கூட்டிப்போவதாகச் சொன்னான். அந்த லீவில் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டார்கள். அதற்கடுத்த லீவில் மகனுக்குக் காது குத்தினார்கள். அப்படியே இருபது வருடம் போய், அவன் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிட்டான்.

நேற்று அந்த வாசனையோடே அவனைப் போனில் கூப்பிட்டேன். அவனுக்கும் மல்லிகாவுக்கும் ஹுவா ஹின் போக மகன் டிக்கெட் எடுத்துவிட்டானாம்.

"அவளுக்கு அதே நாற்காலில உக்காரணுமாம்ணே. எடம் ஞாபகம் இருக்கா?"

அந்த டயர் கடை இல்லை, கேம்ப் இல்லை. நாங்கள் உட்கார்ந்த பக்கம் நாற்காலிகளையும் எடுத்துவிட்டதாகப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். அதை அவனிடம் சொல்ல மனம் வரவில்லை.

"எதுக்கும் பெட்ஷீட் ஒண்ணு எடுத்துட்டுப் போடா," என்றேன். "ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி."