பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்த படம்

போன இரண்டாம் சனிக்கிழமை என் அக்கா என்னைக் கொன்றே போட்டிருப்பாள். காரணம், ஒரு கறுப்பு வெள்ளைப் படம். தப்பித்ததும் அதே படத்தால்தான்!

விஷயம் இதுதான். பாறசாலையில் அக்கா வீடு. அவள் மகள் ஷீபாவைப் பெண் பார்க்க அம்பூரியிலிருந்து வருவதாக ஏற்பாடு. ஷீபாவுக்கு இருபத்தெட்டு வயது. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. மூன்று வீட்டாரும் சொன்ன காரணம் ஒன்றேதான் — "பெண்ணுக்கு வாய் கூடுதலாக்கும்." அதனால் காலையிலிருந்து அக்கா ஒரே பாட்டு.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு மக்கா. இதும் போச்சுன்னா எனக்கு ஏலாது."

தாய்மாமன் என்ற முறையில் நெய்யாற்றின்கரையிலிருந்து நானும் ஆஜர். நாலு மணிக்குத்தானே வருகிறார்கள்? கேபிளில் பழைய ஹாலிவுட் பாட்டுப் படம் ஒன்று ஓடியது. இந்த மாதிரிப் படங்கள் என் பலவீனம்... உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றேகாலுக்கே ஜீப் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா தங்கையன் சர்ச் சபையில் பெரிய ஆள். சினிமா என்றாலே பாவம் என்பவர். வீட்டில் டி.வி.யே கிடையாது. அவருக்குப் பின்னால், தலையைக் குனிந்தபடி, மாப்பிள்ளை செல்வின். அவர்கள் வாசலில் கால் வைக்கும் நேரம் பார்த்து, திரையில் ஒருவனும் ஒருத்தியும் காரசாரமாகச் சண்டை!

அக்கா பார்த்த பார்வையில் நான் பாதி எரிந்துபோனேன். ஸ்விட்சுக்குப் பாய்ந்தேன். அதற்குள் இசை தொடங்கிவிட்டது. அவன் திட்டிக்கொண்டிருந்ததையே பாட்டாக்கினான். அவளும் பாட்டிலேயே பதில் கொடுத்தாள். இரண்டு பேர் காலும் தரையில் தடதடவென்று...

"அணைக்காண்டாம்," என்றது பின்னால் ஒரு குரல்.

தங்கையன்! திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. தெரிந்துதான் ஆக வேண்டுமா என்ன?

"இது என்ன ஆட்டமாக்கும்?"

"டாப் டான்ஸ் அண்ணாச்சி."

"டாப்பிங்கா?"

ரப்பர் தோட்டம் வைத்திருப்பவருக்கு வேறென்ன தோன்றும்! ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டும் டாப்பிங் அல்ல, ஷூவுக்கு அடியில் தகடு வைத்துத் தட்டுவது என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார்.

"இருந்தாலும் ஒண்ணுதான். இவனுக்க காலு, நல்ல வெட்டுக்காரனுக்க கையாக்கும். கத்தி கொஞ்சம் ஆழம் கூடினா மரம் போச்சு. பாத்தியளா, படம் பிடிச்சவன் தலையில இருந்து காலு வரைக்கும் முழுசா காட்டுதான். கள்ளத்தனம் இல்ல."

எனக்குப் புல்லரித்தது. இருபது வருஷமாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன். இவர் பத்தே நிமிஷத்தில் பிடித்துவிட்டாரே!

உண்மைதானே? நம் படங்களில் கண்ணுக்கு ஒரு ஷாட், இடுப்புக்கு ஒரு ஷாட், காலுக்கு ஒரு ஷாட் எடுத்து, எல்லாவற்றையும் ஒட்டி டான்ஸ் என்பார்கள். இங்கே கேமரா தள்ளி நின்று மரியாதையாகப் பார்க்கிறது. நாற்காலியில் ஏறி, மேஜைக்குத் தாவி, படிக்கட்டில் உருண்டு வருவதுபோல் இறங்கி... நடுவில் ஒரு வெட்டு இல்லை. மூச்சு வாங்கவில்லை. சிரிப்பு மாறவில்லை. இதற்காக எத்தனை நாள் விழுந்து எழுந்திருப்பார்கள்? அந்த வலியில் ஒரு துளியையாவது நம்மிடம் காட்டுகிறார்களா? மனுஷ உடம்பால் இவ்வளவு சந்தோஷத்தை உண்டாக்க முடியுமா என்று ஒவ்வொரு தடவையும் வாயைப் பிளந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஷீபா டீத் தட்டோடு வந்தாள். வந்தவள் அலமாரி ஓரமாக நின்று அவளும் படம் பார்க்கத் தொடங்கிவிட்டாள். டீ ஆறியது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

படம் முடியப் போகிறது. அவன் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடுகிறான். அவள் பெட்டியோடு திரும்புகிறாள்... டப்!

கரண்ட் போய்விட்டது.

அப்போதுதான் எல்லோருக்கும் எதற்கு வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. அக்கா தொண்டையைச் செருமினாள். தங்கையன் முதல்முறையாக ஷீபாவைத் திரும்பிப் பார்த்தார்.

"மோளே, அவன் அவள கெட்டுவானா?"

"கெட்டுவான் மாமா."

"அதெப்படி? படம் பூரா சண்டையில்லா போட்டாவ?"

"சண்டை போட்டது வாய் மட்டும்தான் மாமா. காலு ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே விழுந்துது. ஒரு அடியாவது மாறிச்சா? காலு சொல்லுததாக்கும் நெசம். வாய் அது பாட்டுக்குப் பேசிட்டு கெடக்கும்."

கேட்டது ஒரு கேள்வி. கொட்டியது ஒரு பிரசங்கம். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். நாலாவது இடமும் போயிற்று என்றே நானும் நினைத்தேன்.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம். செல்வின்! அதுவரை தரையையும் டி.வி.யையும் மட்டுமே பார்த்த பையன், அவளை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்னலே?" என்றார் அப்பா.

"எனக்குச் சம்மதம் அப்பா. அவங்களுக்கும் சம்மதமான்னு கேளுங்க."

எல்லோரும் ஷீபாவைப் பார்த்தோம். அன்றைக்கென்று பார்த்து அந்த வாயாடிக்கு ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். அக்கா அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

ஒரு மணி நேரம் கழித்து கரண்ட் வந்தது. டி.வி.யில் ஏதோ சோப்பு விளம்பரம். ஸ்டேஷனுக்கு ஓடியவன் அவளைக் கட்டினானா இல்லையா என்று எங்களில் யாருக்கும் இன்னும் தெரியாது...

இவர்களுக்குத் தேதி குறித்தாயிற்று!