என்னுடன் வசிப்பவர்

ஆறு மாதத்துக்கு முன்னால் எங்கள் ஆபீசுக்கு ஒரு சர்க்குலர் வந்தது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். தபால் ஆபீசுக்கு சர்க்குலர் வருவதும் சேலத்தில் வெயில் அடிப்பதும் ஒன்றுதான். வரும், படிப்போம், குண்டூசி குத்தி வைப்போம். ஆனால் இந்த சர்க்குலரை நான் இரண்டு தடவை படித்தேன்.

இந்தப் பத்தி எழுதும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் தபால் ஆபீஸ் குமாஸ்தா என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்களுக்கென்று ஒரு டிஸ்பென்சரி உண்டு. டாக்டர், மாத்திரை, ரத்தப் பரிசோதனை, எல்லாம் அங்கேயே. ஆனால் சர்வீசில் இருக்கும் வரைக்கும்தான். ஐம்பத்தெட்டு வயதாகி மாலை போட்டு அனுப்பிவிட்டால், மறுநாளிலிருந்து அந்த வாசலில் ஏற முடியாது. மூட்டு வலியும் சர்க்கரையும் அதற்குப் பிறகுதானே வருகிறது? அதுதான் எனக்குப் புரியாத விஷயமாக இருந்தது.

புது சர்க்குலர் அதை மாற்றியது. ரிட்டயர் ஆனவர்களும், அவர்களுடைய மனைவி அல்லது கணவரும், பெற்றோரும் பிள்ளைகளும், ஒரு ஃபாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால் டிஸ்பென்சரிக்கு வரலாம்!

அந்த ஃபாரங்களை வாங்கி வைக்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. முதல் வாரமே செங்கோடன் வந்துவிட்டார்.

செங்கோடன் முப்பது வருஷத்துக்கு மேல் தபால்காரராக இருந்தவர். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமாகிறது. இங்கே சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ரூமில் தனியாக இருந்தார். சட்டைப் பையில் இப்போதும் பேனா சொருகியிருப்பார்.

“எனக்கு வேண்டாமுங் அம்மணி. நா நல்லாத்தான் இருக்கறன். என்ற ஊட்டுக்காரிக்கு வேணும்” என்றார்.

மனைவி பாவாயி ஆட்டையாம்பட்டியில் தறி நெய்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஊரில் கண் முகாம் போட்டபோது போயிருக்கிறார். சர்க்கரை அதிகம், அதைக் கட்டுக்குள் கொண்டு வராமல் கத்தி வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாத்திரை கையில் இருக்கும் மாதம் சாப்பிடுவார், இல்லாத மாதம் விட்டுவிடுவார். மாதாமாதம் டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்தால் ஆபரேஷன் நடக்கும். நடக்காவிட்டால்... மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும்.

ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது. நான் தமிழில் சொல்லிக்கொண்டே பூர்த்தி செய்தேன். ஒரு வரி வந்தது. ‘மேற்கண்டவர் என்னைச் சார்ந்து, என்னுடன் வசிப்பவர் என உறுதி கூறுகிறேன்.’

செங்கோடன் பேனாவை மூடிவிட்டார்.

“என்னோட இல்லீங்களே. அவ அங்க, நா இங்க. பதினோரு வருசமாச்சுங்களே.”

நான் ஒரு காரியம் செய்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. “போடுங்கண்ணா, யார் வந்து பார்க்கப்போறாங்க?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

“மணியார்டருக்கு எத்தன பேருகிட்டக் கையெழுத்து வாங்கியிருப்பன்! இன்னாரு வாங்குனாங்கன்னா அவியதான் வாங்கியிருக்கோணும். இத்தன வருசம் அப்படி இருந்துபோட்டு, இப்ப என்ற கையெழுத்தயே பொய்யாப் போடறதுங்களா?”

நான் ஃபாரத்தைத் தள்ளி வைத்தேன். அவர் கிளம்பவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

“நீங்க ஒரு நடை ஆட்டையாம்பட்டிக்கு வந்து, பாரத்தப் படிச்சு அவளுக்குச் சொல்ல முடியுமுங்களா? நாஞ்சொன்னா கேக்க மாட்டா.”

எனக்கு என்ன வேலை அங்கே? ஒன்றுமில்லை. ஆனால் பதினோரு வருஷம் என்று கேட்டதிலிருந்து ஆர்வம் அரித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் மெல்லக் கேட்டேன், “சண்டைங்களாண்ணா?”

“சண்டையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. டிரான்ஸ்பருங்க.”

அவரை வாழப்பாடிக்கு மாற்றினார்கள். பாவாயி, “தறியில பாவு ஏத்தியிருக்குது, இத நெய்து முடிச்சுப்போட்டு வாரேன்” என்றாராம். தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்தான் பாவு. அந்தப் பாவு முடிந்தது. அடுத்த பாவு ஏறியது. பிறகு சேலத்துக்கு மாற்றியபோதும் வா என்று இவர் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடட்டும் என்று பாவாயி இருந்தார். மகளுக்குக் கல்யாணமாகி நாமக்கல் போனதும், நடுவில் பேசுவதற்கும் ஆளில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இவர் ஊருக்குப் போய்த் திரும்பிவிடுவார், விருந்தாளி மாதிரி.

ஒரு அடி, ஒரு திட்டு, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. இப்படியும் பிரிந்திருக்க முடியுமா என்ன?

நாங்கள் போனபோது பாவாயி தறிக் குழியில் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு இழை அறுந்திருந்தது. அதைக் கண்ணால் தேடவில்லை. பாவின் மேல் விரல்களை ஓட்டி, தடவித் தடவிக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டார். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற செங்கோடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் ஃபாரத்தைப் படித்தேன். பாவாயி நடுவில் நிறுத்தினார்.

“சார்ந்துன்னா என்னங்க?”

“உங்களைக் காப்பாத்தறது அவர்தான்னு அர்த்தம்க்கா.”

அவர் சிரித்தேவிட்டார். “பதினோரு வருசமா என்ற சோத்த நாந்தானுங்க சம்பாரிக்கறேன். அவிய மேல குத்தஞ்சொல்லலீங்க. பணம் அனுப்பட்டுமான்னு கேட்டாங்க, நாந்தான் வேண்டாம்னேன். இப்பப் போயி அப்படி எழுதுனாத்தான் கண்ணு தெரியும்னா, தெரியாமயே இருந்துட்டுப் போவுதுங்க.”

ஆக, ஒரே வரி. கணவருக்குப் பின்பாதி பொய், மனைவிக்கு முன்பாதி பொய். நான் ஃபாரத்தை மடிக்க ஆரம்பித்தேன்.

“அதுக்குள்ள மடிக்கறீங்களே? அடி வரைக்கும் படிச்சீங்களா?” என்றார் பாவாயி.

கண் தெரியாதவர் கேட்கிறார், கண் தெரிந்த குமாஸ்தா விழிக்கிறேன். அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. பெற்றோர், பிள்ளைகளுக்கு மட்டுமே ‘சார்ந்து’ என்பது பொருந்தும். வாழ்க்கைத் துணைக்கு அந்தச் சொல்லை அடித்துவிடவும்.

எத்தனை ஃபாரங்களை வாங்கி அடுக்கியிருப்பேன்! ஒரு தடவையாவது அந்த வரியைப் படித்தேனா?

அடித்தேன். பேனா கிழிக்கிற சத்தத்தைப் பாவாயி காது கொடுத்துக் கேட்டார்.

“இப்ப என்ன மிச்சமிருக்குது?”

“என்னுடன் வசிப்பவர்.”

செங்கோடன் தொண்டையைச் செருமினார். கேள்வி என்னிடம் வந்தது, ஆனால் பார்த்தது தறிப் பக்கம்.

“ஏனுங் அம்மணி... என்னோடன்னு மட்டுந்தான போட்டிருக்குது? எந்த ஊட்டுலன்னு போட்டிருக்குதுங்களா?”

“இல்லையே.”

“அப்ப நா இங்க வந்துட்டா, அது நெசந்தானுங்களே?”

பாவாயியின் கை பாவின் மேல் அப்படியே நின்றது. “பாரத்துக்கோசரம் வாரீங்களா?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“இல்ல பாவாயி. ரிட்டயர் ஆன அன்னைக்கே வரலாம்னு இருந்தன். எதச் சொல்லிக்கிட்டு வாரதுன்னு தெரியல.”

பாவாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு வீட்டை அளக்கிற மாதிரி தலையைத் திருப்பினார்.

“தறிய நகத்த முடியாதுங்க. கட்டில வேணா அந்தச் செவத்துப் பக்கம் தள்ளிப் போட்டுக்கலாம்.”

அடுத்த ஞாயிறு செங்கோடன் ரூமைக் காலி செய்தார். திங்கட்கிழமை என் மேஜைக்கு வந்து, முகவரியில் ஆட்டையாம்பட்டி என்று எழுதி, பேனாவை அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு மாதாமாதம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். டாக்டர் மாத்திரையை மாற்றினார். சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னார். பாவாயி வேளை தவறாமல் மாத்திரை போட்டாரா என்று செங்கோடன் ஒரு நோட்டில் குறித்து வந்தார். நாலாவது மாதம் சர்க்கரை இறங்கியது. டாக்டர் கடிதம் கொடுத்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் நடந்தது.

ஒரு வாரம் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். கட்டுப் பிரித்தபோது மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. தடிக் கண்ணாடி வந்து மாட்டிய பிறகுதான் புருஷனை நன்றாகப் பார்த்தாராம் பாவாயி. “இவ்வளவு நரைச்சுப்போச்சுங்களா உங்களுக்கு?” என்றாராம். “உனக்குந்தான்” என்றாராம் இவர்.

இதையெல்லாம் செங்கோடன் சொல்லிக் கேட்டது. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான், மறைப்பானேன்?

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. மகள் கேட்கத் தயங்கிய கேள்வியை, உறவுக்காரர்கள் கேட்கத் தயங்கிய கேள்வியை, ஒரு கடுதாசி போகிற போக்கில் கேட்டுவிடுகிறதே... உன்னுடன் வசிப்பவர் யார்? எங்கோ ஒரு ஆபீசில் யாரோ ஒருவர் தூக்கக் கலக்கத்தில் டைப் அடித்த வரியாகத்தான் இருக்கும். ஆனாலும் பதில் சொல்லத்தானே வேண்டியிருக்கிறது!

போன வாரம் இருவரும் வந்தார்கள். செங்கோடன் மருந்து வரிசையில் நின்றார். பாவாயி என்னிடம் வந்து, கண்ணாடி வழியாக என்னை மேலும் கீழும் பார்த்து, “இத்தன சின்ன வயசுங்களா நீங்க!” என்று என் நாளையே நல்ல நாளாக்கினார்.

“இப்ப எப்படிக்கா இருக்கீங்க ரெண்டு பேரும்?” என்றேன்.

“எங்கீங்க... தெனமும் சண்டதான். பதினோரு வருசத்துச் சண்டையும் மிச்சமிருக்குதில்ல?”

நல்லவேளை, அதற்கு மட்டும் எங்கள் டிஸ்பென்சரியில் மருந்து கிடையாது!