பட்டியலில் ஒரு திருடன்

ரெட்டைப்பூட்டு என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். கடைக்கு ஒரு பூட்டு போதாது என்று இரண்டு போடுவார். இரண்டையும் இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். "கல்யாணத்தன்னிக்கு என் பேரு சரிதானான்னு எங்க சித்தப்பாவத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்கிட்ட மனுஷன்" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவருக்குச் சிரிப்பு வராது. கேட்டதில் என்ன தப்பு என்பார்.

ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அரம் பிடித்த கை. சாவி வெட்டுவது, தொலைந்த சாவிக்குப் பூட்டைத் திறப்பது, இதுதான் தொழில். ஒரு பழக்கம் வைத்திருந்தார். யார் நகல் சாவி கேட்டாலும் வெட்டிக் கொடுப்பார், ஆனால் நகலின் தலையில் அரத்தால் ஒரு கீறல் போடாமல் கையை விட்டு அனுப்ப மாட்டார். நாளைக்கு ஒரு வீட்டில் பொருள் காணாமல் போனால் எது அசல், எது நகல் என்று தெரிய வேண்டாமா? அதற்கு.

பூட்டுகளெல்லாம் மின்சாரத்துக்கு மாறியபோது அவரும் கூடவே மாறினார். எண் அமுக்கும் பூட்டு, கேமரா, அப்புறம் வெப்பநிலை பார்க்கும் பெட்டி. நகரத்தில் ஒரு மருந்துக் கிடங்கு, அதற்குப் பல கிளைகள். எல்லாவற்றிலும் குளிர் அறைகளும் குளிர்ப்பெட்டிகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கணினி, அதிலிருந்து உள்ளே போகும் ஒரு வெப்பமானி வயர். இதைத்தான் அவர் பெட்டி என்பார், மொத்தம் பதினோரு பெட்டி. அவற்றுக்கு அவர் வைத்த பேர்களும் அவரைப் போலத்தான் இருக்கும். ஓடும்போது செருமுகிற குளிர்ப்பெட்டியில் இருப்பதற்கு 'இருமல்'. கால் உடைந்து செங்கல் வைத்து நிற்பதற்கு 'நொண்டி'. கதவு சரியாகச் சாத்தாததற்கு 'வாயாடி'.

இந்தப் பதினொன்றும் கடையோடு பேச வேண்டும், வெளியாள் காதில் விழாமல் பேச வேண்டும். அதற்குத்தான் வி.பி.என். எனும் மறைவுப் பாதை. பாதையை எல்லா இயந்திரங்களும் தாங்களே போட்டுக்கொள்ளும். ஆனால் யார் எங்கே இருக்கிறார்கள், யாரிடம் எந்தச் சாவி இருக்கிறது என்று ஒருவர் பட்டியல் வைத்திருக்க வேண்டும். வீட்டுத் தரகர் மாதிரி. முகவரியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார், உள்ளே நடக்கும் பேச்சு அவருக்குத் தெரியாது. இந்தத் தரகு வேலையைச் சும்மாவே செய்து தர பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ரெட்டைப்பூட்டு ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா தருகிறவன் எதையோ எடுத்துக்கொள்கிறான் என்பது அவர் கணிப்பு. முகம் தெரியாதவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் எப்படித் தூங்குவது?

ஆக, பழைய கணினி ஒன்றில் தன் சொந்தப் பட்டியல் சர்வரை அமைத்தார். மூன்று வாரம் ஆனது. ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை மச்சினன் வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல இவர் ஒற்றை விரலால் அடித்தார். ஒரு இடத்தில் எழுத்துக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளி இரண்டு குறைந்ததற்கு நாலு நாள் போனது. கடைசியில் ஓடியது. கணினியைச் சாவிப் பலகைக்குக் கீழே இரும்புக் கூண்டில் வைத்துக் கூண்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டார். புது இயந்திரம் எதுவும் தானாக உள்ளே வர முடியாது. அது ஒரு நீளக் குறியீட்டைக் காட்டும். இவர் அதைச் சர்வரில் அடித்துச் சம்மதம் சொன்னால்தான் பட்டியலில் ஏறும். அந்தச் சம்மதம் சொல்லும் கடவுச்சொல் இவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. இரண்டு தெரு தள்ளித் தனியாக ஒரு அறையில் இருந்தான். முன்னே ஒரு போன் கடையில் வேலை பார்த்தவன். அங்கே அலமாரியில் ஒரு போன் குறைந்தது. யார் யார் அலமாரியைத் திறந்தார்கள் என்று ஒரு பட்டியலை முதலாளி காட்டினார், அதில் கடைசிப் பேர் இவனுடையது. அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் போன் அலமாரிக்குப் பின்னால் சுவரோரம் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லக்கூட யாரும் இவனைக் கூப்பிடவில்லை. அரை வருஷம் வெளியே தலைகாட்டாமல் கிடந்தவனை அக்காதான் கெஞ்சிக் கூத்தாடிப் பூட்டுக்கடையில் சேர்த்துவிட்டாள். ரெட்டைப்பூட்டு சேர்த்துக்கொண்டார். ஆனால் கடைச் சாவியைக் கையில் கொடுக்க ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கிடங்கு அம்மா போன் செய்தார். அவர்தான் கிடங்கின் உரிமையாளர், அளந்து பேசுகிறவர். இருமலில் காலையிலிருந்து நாலு டிகிரி என்கிறது, உடனே இருபத்தெட்டு என்கிறது, திரும்ப நாலு என்கிறது. இருபத்தெட்டு உண்மையென்றால் உள்ளே இருக்கிற ஊசி மருந்து அத்தனையையும் அவர் குப்பையில் கொட்ட வேண்டும். பெட்டி பொய் சொல்கிறதென்றால் பதினோரு பெட்டியையும் பிடுங்கி அனுப்பிவிடுவார். எது என்று மத்தியானத்துக்குள் சொல்லச் சொன்னார்.

ரெட்டைப்பூட்டு சர்வரைத் திறந்து பார்த்தார். இருமல் பட்டியலில் இருந்தது. ஆனால் அது எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பார்த்தால், ஒரு நிமிஷம் கிடங்கின் இணைப்பு, மறு நிமிஷம் வேறொரு இணைப்பு. அந்த இரண்டாவது எண்ணை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எல்லாருடைய எண்ணையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிற ஆள் அவர். புரட்டினார். ஐந்தாம் பக்கத்தில் கிடைத்தது. மச்சினன் அறையின் மோடம்.

நோட்டை மூடினார். அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. போன வாரம் சர்வரின் கடவுச்சொல்லை அவன் கேட்டான், "நீங்க இல்லாதப்ப ஆத்திர அவசரத்துக்கு உதவும்" என்று. அதற்கு முந்தின வாரம் கிடங்கு அம்மா இவர் காதுபடவே அவனிடம், "நீயே தனியா வந்து பாத்துக்கறியா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டதுதான். அவனும் சிரித்தான். ஏன் சிரித்தான்? இருமலின் பேரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து பொய்க் கணக்கு அனுப்பினால் யாருக்குக் கெட்ட பேர்? கடைக்கு. கடை போனால் அந்த வேலை யாருக்கு?

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. பட்டியலில் மச்சினனின் லேப்டாப் இருந்த வரியைத் தேடி அதை அடியோடு நீக்கினார். கட்டளையை அடிக்கும்போது இரண்டு தடவை தப்பாகப் போனது. மூன்றாவது தடவை சரியாகப் போனது.

அந்த நேரத்தில் மச்சினன் ஒரு கிளையில் ஏணி மேல் நின்று நொண்டிக்குப் புது வயர் மாட்டிக்கொண்டிருந்தான். கீழே மருந்துக்கடைக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் எல்லாப் பெட்டியும் ஒரே மூச்சில் காணாமல் போயின. உனக்கு இங்கே அனுமதி இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. மருந்துக்கடைக்காரரும் அதை வாசித்தார். மச்சினன் அத்தானுக்கு மூன்று தடவை போன் அடித்தான். எடுக்கவில்லை. நாலாவதாக அக்காவுக்கு அடித்தான்.

கடைக்குப் பின்கட்டுதான் வீடு. மனைவி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"தம்பிய என்ன பண்ணீங்க?"

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். இது கிடங்கு, இது உன் தம்பி வீடு, பார், பட்டியலே சொல்கிறது என்றார். அவள் திரையைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"அந்தப் போன் கடைக்காரனும் ஒரு பட்டியலத்தான் காட்டினான்" என்றாள்.

அவருக்குக் கோபம்தான் வந்தது. ஆதாரம் இல்லாமல் பேசுகிற ஆளா நான் என்று, காலையிலிருந்து வந்த கணக்கை முழுக்க எடுத்துக் காகிதத்தில் அச்சடிக்க உட்கார்ந்தார். கிடங்கு அம்மாவிடம் காகிதத்தை நீட்டி, இனி இவனை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிடுவது என்று முடிவு. இருமலின் கணக்கை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். நாலு, இருபத்தெட்டு, நாலு, இருபத்தெட்டு. ஏழரை மணிக்குப் பக்கத்தில் வந்ததும் விரல் நின்றது.

பூஜ்யம். பத்து நிமிஷம் இடைவிட்டு இடைவிட்டு, மாறாத பூஜ்யம்.

பொய் அனுப்புகிறவன் எதற்குப் பூஜ்யம் அனுப்புவான்? அப்படி அசையாத பூஜ்யம் ஒரே ஒரு இடத்தில்தான் கிடைக்கும். பனிக்கட்டி மிதக்கிற தண்ணீரில். வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரு டம்ளரில் பனிக்கட்டித் தண்ணீர், ஒரு டம்ளரில் சும்மா தண்ணீர், இரண்டிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார். இதை யாரோ யாரிடமோ சொன்னார்கள். சொன்னது அவரேதான். முந்தாநாள் பன்னிரண்டாவது பெட்டியைச் செய்து மச்சினன் கையில் கொடுத்து, வீட்டில் வைத்துச் சோதித்துக் கொண்டு வா என்று சொன்னார். பட்டியலில் சேர்க்கும் வேலை அப்புறம் என்றும் சொன்னார்.

அந்தப் பெட்டியை அவர் ஆதியிலிருந்து செய்யவில்லை. செய்தால் அரை நாள் போகும். இருமல் ஒழுங்காக ஓடுகிறதே என்று அதன் மெமரி கார்டை அப்படியே நகல் எடுத்துப் புதுப் பெட்டியில் சொருகினார். மேலே 'பன்னிரண்டு' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். கார்டுக்குள் இருமலின் சாவியும் சேர்ந்து நகலாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சர்வருக்கு ஸ்டிக்கர் தெரியாது, சாவிதான் தெரியும். ஒரே சாவி இரண்டு இடத்தில் வந்து நின்று நான்தான் இருமல், நான்தான் இருமல் என்று சண்டை போட்டிருக்கிறது. ஒருவர் நாலு என்றார், ஒருவர் இருபத்தெட்டு என்றார். இரண்டும் உண்மைதான்.

முப்பது வருஷமாகக் கீறல் போடாமல் ஒரு நகலை வெளியே விடாதவர், அன்றைக்கு விட்டிருந்தார்.

மனைவி அங்கேயே நின்றாள். அவர் கிடங்குக்குப் போன் போட்டார். மருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை, குளிர்ப்பெட்டி நாலிலேதான் இருக்கிறது, வேண்டுமானால் கையால் ஒரு வெப்பமானி வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கிடங்கு அம்மா பார்த்துவிட்டு வந்தார். நாலுதான். யார் செய்த தப்பு என்று கேட்டார்.

"என் தப்புதாம்மா. பையன் மேல ஒண்ணும் இல்ல."

பையனைப் பற்றி நான் கேட்கவே இல்லையே என்றார் அந்த அம்மா. பெட்டிகளை ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று வைத்துவிட்டார்.

மச்சினன் வந்தபோது மணி பன்னிரண்டு. ஏணியை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, இடுப்பிலிருந்த கடைச் சாவிகளை மேசையில் வைத்தான்.

"மூணு இருக்கு அத்தான். எண்ணிப் பாத்துக்குங்க."

"உக்காரு மாப்ள."

"நிக்கறேன். பழக்கம்தானே."

அவர் காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார். பூஜ்யத்தைத் தொட்டுக் காட்டினார். கார்டு நகல் எடுத்த கதையைச் சொன்னார். கீறல் போட மறந்துட்டேன் என்றார். மோடத்தில் ஏன் சொருகினாய் என்று மட்டும் கேட்டார். அந்த நேரத்திலும் அதைக் கேட்காமல் இருக்க அவரால் முடியவில்லை. பெட்டி தேதியைப் போன வருஷமாகக் காட்டியது, இணைப்புக் கொடுத்தால் தானாகத் திருந்தும் என்று சொருகினேன் என்றான். சரியான பதில்தான். சரியான வேலையும்தான்.

"இத ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா காலையிலேயே சொல்லியிருப்பேனே" என்றான்.

"கேட்டா பொய் சொல்லுவன்னு நெனச்சேன்."

மனைவி தம்பி பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்தாள், வேகமாக வைத்ததில் பாதி சிந்தியது. அவர் எழுந்து கூண்டின் இரண்டு பூட்டையும் திறந்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் சர்வரின் கடவுச்சொல்லை எழுதிக் கிழித்து, சாவிகளோடு சேர்த்து அவன் பக்கம் நகர்த்தினார்.

அவன் அந்தச் சீட்டைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்தான். எதையோ மாற்றி அடித்தான், சாதாரணமாக எடுக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூட எடுத்துக்கொண்டான்.

"குறியீடு வந்திருக்கு. படிக்கறேன், நீங்களே அடிங்க."

ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். ரெட்டைப்பூட்டு ஒற்றை விரலால் அடித்தார். சம்மதம் சொன்னார். பட்டியலின் கடைசியில் புது வரி ஒன்று ஏறிப் பச்சையானது. லேப்டாப்பின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தில் எட்டு எழுத்து இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். திருடன்.

"என்னடா பேரு இது?"

"நீங்க வெச்சதுதான் அத்தான். நான் அடிச்சேன், அவ்வளவுதான்."

சாவிகளையும் சீட்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஏணியைத் தூக்கினான். போகிற வழியில் வீட்டில் பன்னிரண்டைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன், நொண்டி வேலை பாதியில் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தப் பேரைச் சர்வரிலிருந்தே மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். மனைவி நாலு தடவை சொல்லிவிட்டாள். இருமல் ஒழுங்காக நாலு காட்டுவதைத் தன் கண்ணால் பார்க்க வந்த கிடங்கு அம்மாகூடத் திரையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "என் மச்சினன்" என்றார் ரெட்டைப்பூட்டு. அவன் வைத்த பேர், அவனே மாற்றட்டும் என்று விட்டுவிட்டார். அவன் மாற்றவில்லை.

கார்டு நகல் எடுப்பதை அவர் அடியோடு நிறுத்திவிட்டார். அரை நாள் ஆனாலும் ஆதியிலிருந்துதான் செய்கிறார். சந்தேகம் மட்டும் குறையவில்லை. இன்றைக்கும் கடை திறந்ததும் முதல் வேலை பட்டியல் பார்ப்பது. பன்னிரண்டு பெட்டியையும் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, கண் கடைசி வரிக்குப் போகும். ஒன்பதரை வரைக்கும் அது பச்சையாகவில்லை என்றால் போனை எடுத்துவிடுவார்.

"என்ன அத்தான்?"

"ஒண்ணுமில்ல. திருடன இன்னும் காணோம்."

"சார்ஜ் இல்ல. வந்துட்டிருக்கேன்."

வைத்துவிடுவார். வைத்துவிட்டு, சார்ஜ் இல்லை என்றது உண்மைதானா என்று ஒரு நிமிஷம் யோசிப்பார். அப்புறம் அரத்தை எடுப்பார்.